வியந்தும் ஒட்டாமலும்: இப்னு பதூதா கண்ட சீனா

பயணம் செய்பவனுக்கு உலகிலேயே பத்திரமான நாடு சீனா என்று சொன்னவர் இப்னு பதூதா. கைநிறையப் பணத்தோடு ஒற்றை ஆளாக ஒன்பது மாதம் நடந்தாலும் அங்கே அஞ்ச வேண்டியதில்லை என்கிறார். ஜைத்தூன் துறைமுகம் உலகின் பெருந்துறைகளில் ஒன்று, எல்லாவற்றிலும் பெரியதே அதுதான் என்றும் சொல்லலாம் என்கிறார். ஹாங்ஜோ நகரைப்போல் பெரிய ஊரைத் தாம் பார்த்ததில்லை என்கிறார். கைத்தொழிலில், அதிலும் ஓவியத்தில், சீனருக்கு நிகரானவர் எங்கும் இல்லை என்கிறார். இத்தனையும் சொல்லிவிட்டு, அந்த நாடு தமக்குப் பிடிக்கவில்லை என்றும் சொல்கிறார். தெருவில் இறங்கினாலே மனத்துக்கு ஒவ்வாதவை கண்ணில் பட்டன. அதனால் அவசியம் இருந்தாலொழிய தங்கிய இடத்தைவிட்டு அவர் வெளியே போகவில்லை. அங்கே முஸ்லிம் ஒருவரைப் பார்த்தபோதெல்லாம் சொந்த உறவினரைப் பார்த்ததுபோல் மகிழ்ந்தார்.

புதிதாக வீட்டைவிட்டுக் கிளம்பியவர் இப்படிச் சொன்னால் வியப்பில்லை. இப்னு பதூதா அப்படிப்பட்டவர் இல்லை. 1304-இல் மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் பிறந்து, 1325-இல் ஹஜ் செய்யக் கிளம்பி, சீனாவுக்கு வந்து சேரும்போது இருபது ஆண்டுகளாக நாடோடியாகவே இருந்தவர். எகிப்து, சிரியா, ஈரான், கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை, அனத்தோலியா, வோல்கா ஆற்றங்கரை, டெல்லி, மாலத்தீவு, இலங்கை, மதுரை என்று அவர் கால் படாத இடம் குறைவு. கொள்ளையர், புயல், காய்ச்சல், கொடுங்கோல் மன்னர்கள் எல்லாவற்றையும் பார்த்தவர். அப்படிப்பட்டவர் உயிருக்கு எந்த ஆபத்தும் இல்லாத ஒரு நாட்டில்தான் வீட்டுக்குள் அடைந்துகொண்டார். இதற்குக் காரணம் சீனாவின் குறைகளில் இருந்ததைவிட அவருடைய பிழைப்பிலும் கல்வியிலும்தான் அதிகம் இருந்தது. அவருடைய சீன அத்தியாயத்தை இந்தக் கோணத்தில் வாசித்தால் அதன் பாராட்டும் குறையும் ஒன்றோடொன்று பொருந்திவருகின்றன.

அவர் சீனா சென்றதே பிறர் வேலையாகத்தான். சீனாவை ஆண்ட மங்கோலிய யுவான் பேரரசர் தோகோன் தெமூர் டெல்லிக்குத் தூதர்களை அனுப்பி, இமயமலை அடிவாரத்தில் இடிந்துபோன ஒரு கோயிலை மீண்டும் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டிருந்தார். டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக் அனுமதி கொடுக்கவில்லை. ஆனால் வந்த பரிசுகளைவிடப் பெரிய பதில் பரிசுகளை அனுப்ப முடிவு செய்தார்: நூறு குதிரைகள், நூறு அடிமைகள், ஆடவும் பாடவும் தெரிந்த நூறு பெண்கள், துணிமணிகள். இவற்றைக் கொண்டுசெல்லும் பொறுப்பு, டெல்லியில் காஜியாக (நீதிபதியாக) இருந்த இப்னு பதூதாவிடம் வந்தது. 1342-இல் புறப்பட்டார்.

சீனாவை அவர் முதலில் பார்த்தது கோழிக்கோட்டில்தான். பருவக்காற்றுக்காகக் காத்திருந்த பதின்மூன்று சீனக் கப்பல்கள் அங்கே நின்றன. பெரிய கப்பல் ஒன்றில் ஆயிரம் பேர்: அறுநூறு மாலுமிகள், நானூறு போர்வீரர்கள். வணிகர்களுக்குப் பூட்டிக்கொள்ளும் அறைகள் உண்டு. மாலுமிகளின் குடும்பங்கள் மரத்தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் வளர்த்தன. நல்ல அறைகளையெல்லாம் சீன வணிகர்கள் முன்பே பிடித்துவிட்டதால் இப்னு பதூதா தம் ஆட்களையும் உடைமைகளையும் சிறிய கப்பலுக்கு மாற்றினார். தாம் மட்டும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கரையிலேயே தங்கினார். அந்த இடைவெளியில் அடித்த புயலில் பரிசுகளை ஏற்றிய பெருங்கப்பல் உடைந்து மூழ்கியது. சிறிய கப்பல் அவரை விட்டுவிட்டுப் பாய்விரித்துப் போய்விட்டது. பத்து தினாரும் படுக்கும் விரிப்பும் மட்டுமே அவருக்கு மிஞ்சின.

வெறுங்கையோடு துக்ளக் முன் போய் நிற்க அவருக்குத் துணிவில்லை. மாலத்தீவில் காஜியானார். இலங்கை வழியாக மதுரைக்கு வந்தார். அப்போது மதுரையை ஆண்ட கியாசுத்தீன் தம்கானி அவருக்குச் சகலை. மதுரை சுல்தானியத்தை நிறுவிய அஹ்சன் ஷாவின் மகள்களில் ஒருத்தியை இவர் டெல்லியில் மணந்திருந்தார், இன்னொருத்தி கியாசுத்தீனின் மனைவி. அந்தச் சகலை பெண்களையும் குழந்தைகளையும் கொல்வித்ததை அருவருப்போடு பதிவுசெய்த இப்னு பதூதா, பிறகு வங்காளத்தையும் சுமத்ராவையும் சுற்றி, 1345-46 வாக்கில் ஜைத்தூனில் இறங்கினார். ஃபூஜியன் மாநிலத்தில் இன்று குவான்ஜோ என்று வழங்கும் ஊர் அது.

கப்பல்களைப் பற்றி அவர் சொன்னதை மிகையென்று ஒதுக்க முடியாது. 1974-இல் குவான்ஜோவுக்கு அருகே ஹௌஜூ துறையின் சேற்றிலிருந்து சோங் காலக் கப்பல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். எஞ்சிய உடற்பகுதி மட்டும் 24 மீட்டர் நீளம், பதின்மூன்று தடுப்பறைகள். உள்ளே வாசனைக் கட்டைகளும் மிளகும் இருந்தன. இப்னு பதூதா சொன்ன ஆயிரம் பேர் ஏறும் கப்பலைவிட இது சிறியது. ஆனால் இந்தியப் பெருங்கடல் வரை போய்வரும் கப்பல்களைக் கட்டத் தெரிந்த ஊர் எது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஜைத்தூன் துறையில் நூறு பெருங்கப்பல்களைப் பார்த்ததாகவும், சிறியவை எண்ணில் அடங்கவில்லை என்றும் எழுதுகிறார். முஸ்லிம்கள் தனிப் பகுதியில் வாழ்ந்தார்கள். அர்தபில் ஊரிலிருந்து வந்த காஜி, இஸ்பஹானைச் சேர்ந்த மார்க்கத் தலைவர், தப்ரீஸ் வணிகர்கள் என்று அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பாரசீக உலகத்தினர். அவர்களில் ஒருவர், இந்தியாவுக்கு வந்த புதிதில் இவருக்குக் கடன் கொடுத்த ஷரபுத்தீன் என்ற வணிகர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்தும் பழைய கடன்காரர் எதிரே வந்து கைகொடுக்கிறார். இப்னு பதூதாவின் உலகம் எவ்வளவு விரிந்தது, அதே சமயம் எவ்வளவு நெருக்கமானது என்பது இந்தச் சந்திப்பில் தெரிகிறது.

அந்த ஊரில் தமிழர்களும் இருந்தார்கள். இப்னு பதூதா வருவதற்கு 64 ஆண்டுகளுக்கு முன், சக ஆண்டு 1203 சித்திரையில், அதாவது 1281-இல், சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலிய மன்னரின் ஆணை பெற்று, அந்த மன்னரின் உடல்நலத்துக்காகத் திருக்கதலீசுவரம் உடைய நாயனாரை அங்கே எழுந்தருளச் செய்தார். தமிழில் பொறித்த அந்தக் கல்லின் அடியில் ஒரு வரி சீனமும் உண்டு. மதுரையிலிருந்து வந்தவர் இப்னு பதூதா; தமிழ்நாட்டு மக்களின் வழிபாட்டைக் கண்ணால் கண்டவர். ஆனாலும் ஜைத்தூனின் சிவன் கோயிலைப் பற்றி அவரிடம் ஒரு சொல்கூட இல்லை. அதே காலத்தில், அதே ஜைத்தூனிலிருந்து கப்பலேறிய வாங் தாயுவான் என்ற சீனப் பயணி தமிழ்க்கரைக்கு வந்து, 1267-இல் எழுதிய சீன வாசகத்தோடு நின்ற ஒரு செங்கல் கோபுரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அது நாகப்பட்டினத்து பௌத்தக் கோபுரம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. தம் நாட்டார் விட்டுச்சென்ற தடத்தையே வாங்கின் கண் முதலில் தேடியிருக்கிறது. இப்னு பதூதாவின் கண்ணும் அப்படித்தான். அவருக்குத் தம்மவர் என்றால் முஸ்லிம்கள்.

சீன ஆட்சிமுறையைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களே அத்தியாயத்தில் மிகச் சிறந்தவை. சட்டம் படித்தவர், தீர்ப்புச் சொன்னவர், ஆதலால் ஒரு விதி எப்படி நடக்கிறது என்பதை நுணுக்கமாகக் கவனித்தார். கப்பல் புறப்படும்போது அதிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் அதிகாரிகள் எழுதிக்கொள்கிறார்கள். திரும்பி வரும்போது அந்தப் பட்டியலோடு ஆட்களை ஒப்பிடுகிறார்கள். யாராவது குறைந்தால், இறந்தாரா ஓடிப்போனாரா என்று கப்பல் தலைவர் சான்று காட்ட வேண்டும். நிலவழியில் ஒவ்வொரு தங்கலிலும் ஒரு சத்திரம், அதற்கு ஓர் அதிகாரி, காவலுக்குக் குதிரைவீரர்கள். அந்தி சாய்ந்ததும் அதிகாரி எழுத்தரோடு வந்து தங்கியிருப்பவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு கதவைப் பூட்டி முத்திரை வைக்கிறார். காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்த்து, அடுத்த சத்திரம் வரை துணைக்கு ஆள் அனுப்புகிறார். பத்திரமாகச் சேர்ந்ததற்கு அங்கிருந்து சீட்டு வாங்கிவராவிட்டால் அந்த ஆள்தான் பொறுப்பு.

அயல்நாட்டு வணிகரின் பணமும் அப்படியே. அவர் தங்கும் வீட்டுக்காரரோ விடுதிக்காரரோ பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, செலவுக்குக் கணக்கெழுதிக் கொடுக்கிறார், குறைந்தால் ஈடுகட்டுகிறார். கேளிக்கையில் பணத்தை அழிக்க மட்டும் விடுவதில்லை. நம் நாட்டில் வந்து சொத்தைத் தொலைத்தார்கள் என்ற பேச்சு முஸ்லிம் நாடுகளில் பரவக்கூடாது என்று சீனர் காரணம் சொன்னதாக அவர் எழுதுகிறார்.

ஓவியம் பற்றிய செய்தி இன்னும் விசேஷமானது. தலைநகரில் ஓவியர் கடைத்தெரு வழியாகத் தோழர்களோடு ஈராக்கிய உடையில் போயிருக்கிறார். மாலையில் அதே வழியே திரும்பும்போது அவருடைய உருவமும் தோழர்களின் உருவமும் அச்சு அசலாகக் காகிதத்தில் தீட்டப்பட்டுச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. அயலார் யாராவது குற்றம் செய்துவிட்டுத் தப்பினால் படத்தை ஊருக்கு ஊர் அனுப்பிப் பிடிப்பார்களாம். தம்மைக் கண்காணித்தார்கள் என்ற கசப்பு அவர் எழுத்தில் இல்லை, திறமையைக் கண்ட வியப்பே இருக்கிறது. இதே நிர்வாகம் இன்னோரிடத்தில் அவருக்குக் கோபமூட்டுகிறது. கப்பல் சரக்கில் ஏதாவது ஒன்றைப் பட்டியலில் சேர்க்காமல் மறைத்தால் கப்பலையும் சரக்கையும் சேர்த்து அரசு பறித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட அநியாயத்தை முஸ்லிம் நாட்டிலும் பார்த்ததில்லை, மற்ற நாட்டிலும் பார்த்ததில்லை, இந்தியாவில் மட்டும் இதற்கு ஓரளவு நெருங்கிய வழக்கம் இருந்தது என்கிறார். வழிப்பயணிக்குக் காவலாக இருந்த அதே பட்டியல்தான் வணிகனுக்குப் பொறி என்பதை அவர் வெளிப்படையாக இணைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்கு அவரை மெச்ச வேண்டும்.

காகிதப் பணத்தை அவர் பார்த்த விதமும் கவனிக்கத்தக்கது. அரச முத்திரை குத்திய தாள்களிலேயே கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. வெள்ளிக் காசோடு கடைக்குப் போனால் யாரும் வாங்குவதில்லை. கிழிந்த தாளைக் கொடுத்தால் கட்டணமின்றிப் புதியது தருகிறார்கள் என்கிறார். அதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பு அங்கிருந்த மார்க்கோ போலோ மூன்று விழுக்காடு கட்டணம் உண்டு என்றார். மாற்றும்போது பிடித்தம் செய்வது யுவான் அரசின் வழக்கமாகவே இருந்தது. இந்த விவரத்தில் இப்னு பதூதா தவறியிருக்கலாம். ஆனால் தாளைத் தங்கமாக மதிக்கும் ஒரு சந்தையைப் பார்த்தபோது டெல்லியிலிருந்து வந்தவருக்கு அதன் அருமை புரிந்திருக்கும். துக்ளக் 1329-30-இல் வெள்ளிக்கு ஈடாகச் செம்புக் காசு அடித்து, வீட்டுக்கு வீடு கள்ளக்காசு பெருகி, கடைசியில் எல்லாவற்றையும் கஜானாவில் வாங்கிக்கொண்டு வெள்ளி கொடுக்க வேண்டிவந்தது. யுவான் தாளிலோ கள்ளத்தாள் அடிப்பவனுக்கு மரணம் என்றே அச்சிட்டிருந்தது. அந்த மிரட்டலும் நெடுங்காலம் காப்பாற்றவில்லை. 1350-க்குப் பிறகு அரசு அளவில்லாமல் தாள் அடித்து, அதன் மதிப்பு சரிந்து, மக்கள் பண்டமாற்றுக்குத் திரும்பினார்கள். இப்னு பதூதா பார்த்தது சரிவுக்குச் சற்று முந்திய நிலை.

பொருள்களைப் பற்றிச் சொல்லும்போது அவருக்கு உற்சாகம் கூடிவிடுகிறது. பட்டு அங்கே ஏழைகளின் உடை. ஒரு பருத்தி உடுப்பின் விலைக்குப் பல பட்டு உடுப்புகள் கிடைக்கும். பெரும் பணக்கார வணிகர் முரட்டுப் பருத்தியே உடுத்தி, பொன்னையும் வெள்ளியையும் பாளமாக உருக்கி வீட்டு வாசலில் வைத்திருக்கிறார். கோழி வாத்தைவிடப் பெரிது. கொல்லத்தில் ஒரு சீனக் கோழியைத் தீக்கோழி என்று நினைத்துவிட்டாராம். கரிபோல எரியும் ஒருவகை மண்ணைப் பற்றிச் சொல்கிறார், அது நிலக்கரி. பீங்கான் ஜைத்தூனிலும் கான்டனிலும் மட்டுமே செய்யப்படுகிறது என்கிறார். ஜிங்தேஜென்னும் லோங்சுவானும் உள்நாட்டில் பீங்கான் சூளைகளாலேயே பேர்பெற்றவை என்பதால் இது பிழை. ஏற்றுமதித் துறையில் நின்று பார்த்தவருக்குத் துறையே பிறப்பிடமாகத் தெரிந்திருக்கிறது.

இத்தனை ஆர்வமுள்ளவர் ஏன் வீட்டுக்குள் அடைந்துகொண்டார்? பன்றி இறைச்சியும் நாயிறைச்சியும் கடைகளில் தொங்கின, உருவ வழிபாடு எங்கும் இருந்தது, பிணத்தை எரித்தார்கள் என்பவை அவரே குறிப்பிடுபவை. இவற்றில் பலவற்றை இந்தியாவில் ஆண்டுக்கணக்காகப் பார்த்தவர்தான். ஆனால் டெல்லியில் அவர் அதிகாரி, அரசர் அவர் மார்க்கத்தவர். மாலத்தீவில் பெண்கள் இடுப்புக்கு மேல் உடுத்தாமல் இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. மாற்ற முயன்று தோற்றார். எனினும் ஆணையிடும் இடத்தில் இருந்தார். தாஞ்சியரிலிருந்து டெல்லி வரை அரபி தெரிந்த, மாலிக்கி சட்டம் கற்ற ஒருவருக்கு எந்த ஊரிலும் உத்தியோகம், உடை, குதிரை, மனைவி எல்லாம் கிடைத்தன. அவர் பயணத்தின் மூலதனம் அதுதான். சீனாவில் அந்தக் கல்வியை வாங்க ஆளில்லை. விருந்தாளி என்ற மரியாதை கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. மொழியும் தெரியாது. தாம் எதையும் தீர்மானிக்க முடியாத ஓர் ஊரில் வெறும் பார்வையாளராக இருக்க நேர்ந்தது அவருக்கு அனேகமாக அதுவே முதல்முறை.

அதனால்தான் அல்-புஷ்ரியைச் சந்தித்த நிகழ்ச்சி அத்தனை உருக்கமாக இருக்கிறது. உள்நாட்டு நகரம் ஒன்றில் மரியாதைக்குரிய மார்க்க அறிஞர் ஒருவர் பார்க்க வருகிறார். பேச்சுக்கொடுத்தால், தாஞ்சியருக்குப் பக்கத்து ஊரான செயுத்தாவைச் சேர்ந்தவர். டெல்லியில் இளைஞராக இருந்தபோது இவர் பார்த்த ஆள்தான். இருவரும் அழுதுவிட்டார்கள். அல்-புஷ்ரி சீனாவில் பெரும் செல்வம் சேர்த்திருந்தார். அவருடைய அண்ணனோ தம்பியோ ஒருவரை இப்னு பதூதா பல ஆண்டுகளுக்குப் பின் சஹாராவின் விளிம்பில் உள்ள சிஜில்மாசாவில் சந்தித்தார்.

அவருடைய மறுப்பு முழுமையானதும் இல்லை. கான்டன் நகரின் நடுவே நின்ற பெருங்கோயிலை அவர் மதிப்போடு விவரிக்கிறார். பார்வையற்றோருக்கும் ஊனமுற்றோருக்கும் அங்கே இருப்பிடம், உணவு, உடை, நோயாளிகளுக்கு மருத்துவமனை, உழைக்க முடியாத முதியோருக்கும் விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் உதவித்தொகை. வேற்றுச் சமயத்தின் கோயில்தான் அது. ஹாங்ஜோவில் ஆளுநர் குர்தய் விருந்தளித்தபோது, ஆளுநரின் மகனோடு கால்வாயில் படகில் போனார். பாடகர்கள் சீனத்திலும் அரபியிலும் பாரசீகத்திலும் பாடினார்கள். ஆளுநரின் மகனுக்குப் பாரசீகப் பாட்டொன்று மிகவும் பிடித்து, திரும்பத் திரும்பப் பாடச் சொன்னான். இப்னு பதூதாவுக்கு மெட்டு மனப்பாடமாகிவிட்டது. அந்த வரிகள் ஷிராஸின் கவிஞர் சஅதியுடையவை என்று பின்னால் கண்டறிந்தார்கள். சஅதி இறந்து அப்போது ஐம்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இவற்றில் எவ்வளவை நம்பலாம்? நூல் 1355-இல், ஃபெஸ் நகரில், மரீனிய சுல்தானின் விருப்பப்படி இப்னு ஜுசை என்ற எழுத்தர் கேட்டு எழுதி முடித்தது. நினைவிலிருந்து சொன்னது, எழுத்தரின் கைவண்ணமும் உண்டு. பெய்ஜிங்குக்கு அவர் போனதாகச் சொல்வதை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை, சரியான காரணமும் இருக்கிறது. பேரரசர் உறவினரோடு போரிட்டு இறந்தார் என்றும், அவரோடு அடிமைப்பெண்களையும் புதைத்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். தோகோன் தெமூர் 1370 வரை உயிரோடிருந்தார். சீனாவுக்கே போகவில்லை என்று வாதிடுவோரும் உண்டு. அது மிகை. ஜைத்தூனுக்கு வெளியே கசெரூன் ஊரைச் சேர்ந்த புர்ஹானுத்தீன் என்ற பெரியவர் ஒரு தைக்கா நடத்தியதாக இப்னு பதூதா எழுதுகிறார். குவான்ஜோ பள்ளிவாசலைப் பற்றி வூ ஜியான் என்பவர் 1350-ஐ ஒட்டி எழுதிய சீனக் கல்வெட்டிலும் அதே பெயருடைய மார்க்கத் தலைவர் வருகிறார். ஃபெஸ் நகரில் உட்கார்ந்துகொண்டு கற்பனையாகச் சொல்லியிருந்தால் இந்தப் பெயர் இப்படிப் பொருந்தியிருக்காது. தென்சீனத் துறைமுகங்களில் அவரை நம்பலாம், வடக்கே போகப் போக ஐயப்படலாம் என்பதே நியாயமான தீர்ப்பு.

அவர் கவனிக்காத ஒன்று அவருக்குக் கிடைத்த மரியாதையின் விலை. மங்கோலியர் மக்களை நான்கு படியாகப் பிரித்திருந்தார்கள்: மங்கோலியர், அவர்களுக்கு அடுத்தபடி மேற்கிலிருந்து வந்த முஸ்லிம்கள் முதலிய அயலார், பிறகு வடசீனர், கடைசியில் தென்சீனர். ஜைத்தூன் மக்கள் கடைசிப் படியில் இருந்தார்கள். 1270-களில் அந்தத் துறைமுகத்தை மங்கோலியரிடம் ஒப்படைத்ததே பூ ஷோகெங் என்ற முஸ்லிம் வணிகர்தான். காலையில் சத்திரத்தில் பெயர் கூப்பிட்டுத் துணை அனுப்பிய அந்த அக்கறை ஊர்க்காரர்களுக்கும் கிடைத்ததா என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை. மொழி தெரியாமல், தம்மவர் வட்டத்துக்குள்ளேயே இருந்தவருக்கு அந்தக் கேள்வியைச் சொல்லித்தரவும் ஆளில்லை.

அந்த வட்டம் வெகுகாலம் நிலைக்கவில்லை. அவர் நூல் முடிந்து இரண்டே ஆண்டுகளில், 1357-இல், குவான்ஜோவின் பாரசீகப் படையினர் கலகம் செய்து நகரைக் கைப்பற்றினார்கள். 1366-இல் யுவான் படை அதை ஒடுக்கியபோது அயலார் பெருமளவில் கொல்லப்பட்டார்கள். 1368-இல் யுவான் ஆட்சியே வீழ்ந்தது. கல்லறைக் கற்களும் கோயில் தூண்களும் நகர மதிலுக்கும் வேறு கட்டடங்களுக்கும் கட்டுமானக் கல்லாகப் போயின. இருபதாம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது அவை வெளிவந்தன. குவான்ஜோவின் பள்ளி ஆசிரியர் வூ வென்லியாங் அவற்றை ஒவ்வொன்றாகச் சேகரித்து 1957-இல் தொகுத்து வெளியிட்டார். அரபியும் பாரசீகமும் பொறித்த கல்லறைக் கற்கள், கிறித்தவச் சிலுவைக் கற்கள், இந்துக் கோயில் சிற்பங்கள் எல்லாம் அந்த ஒரே தொகுப்பில் இருக்கின்றன.